ஜும்ரா அச்சில் வாய்மூடிய கல்யாணம்

எது சத்தம் என்பதில் எனக்கும் ஜும்ரா அச்சிலுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. என் மோட்டார் பட்டறையிலிருந்து வருவதுதான் சத்தம் என்பாள் அவள். அவள் தொண்டையிலிருந்து வருவதுதான் சத்தம் என்பேன் நான். வாய்க்காலின் இந்தப் பக்கம் என் மிதவைவீடு, அந்தப் பக்கம் அவளுடையது; நடுவில் ஒரு கல்லெறி தூரத்துக்குத் தண்ணீர். எங்கள் இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டு அது பட்ட பாட்டை அதனிடம்தான் கேட்க வேண்டும்.

அச்சில் என்றால் எங்கள் பக்கம் சித்தி. அவளைவிட மூத்த கிழவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முறை பார்த்து இல்லை, பயத்தில். அவளுடைய அப்பா பரிசல்துறைக்காரர். அக்கரையில் ஆள் நின்றால் இந்தக் கரையிலிருந்து ‘இருங்க, வரோம்’ என்று கூவுவது சிறுமியாக இருந்தபோது அவளுக்கு இட்ட வேலை. மஹாகாம் ஆறு எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்ன அகலம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அகலத்தைத் தாண்டிப் பழகிய தொண்டை பிறகு சின்ன இடத்துக்குள் அடங்க மறுத்துவிட்டது.

கட்டிக்கொண்டவரும் அதற்கு ஏற்றவராக வாய்த்தார். துல்லா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். ரம்பம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, மகள் மஸ்னா பிறந்த வருஷத்தில் மிச்சமில்லாமல் முடித்துவிட்டது. ஊரில் எல்லாரும் அவரிடம் கையை ஆட்டிப் பேசுவோம். ஜும்ரா மட்டும் கத்துவாள். அவள் கத்தினால் மட்டும் அவருக்குக் கேட்கும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

அவள் பிழைப்பு தோணி வியாபாரம். கீரை, மிளகாய், உப்பு, வாழையிலையில் கட்டிய அரிசிப் பலகாரம். துடுப்பைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் முழுக்க வீடு வீடாகப் போவாள். வாய்க்காலுக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்குள்ளேயும் போய் மீன்பிடிக்கிறவர்களுக்கு விற்றுவிட்டு வருவாள். ஊரே மோட்டாருக்கு மாறிய பிறகும் அவள் மாறவில்லை. பழைய மோட்டார் ஒன்றைச் சும்மாவே மாட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“மோட்டாரை வெச்சா என் குரல் யாருக்குடா கேக்கும், கஸ்புல்? குரல் கேக்காம எவ கதவைத் திறப்பா? உன் மிஷினா கூவி விக்கும்?”

ஆகவே அவள் துடுப்புப் போட்டது பெரிய கொள்கையினால் ஒன்றும் இல்லை. வியாபாரம். ஆனால் அதனால்தான் பெசுத்து அவள் தோணிக்குப் பக்கத்தில் வந்தது.

பெசுத்து என்று நாங்கள் சொல்வது ஆற்று டால்பின். மொட்டைத் தலை, சிரித்த மாதிரி வாய், முதுகில் சின்னதாக ஒரு துடுப்பு. எங்கள் ஆற்றுத் தண்ணீர் கடுங்காப்பி நிறம். அதற்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது தன் குரலை அனுப்பி, பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் வழி, வலை, மீன், குட்டி எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறது. சமாரிண்டா நகரத்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஒயர் விட்டுக் கேட்டு இதைச் சொன்னார்கள். என் மோட்டார் ஓடும்போது அந்த ஒயரில் என்ன கேட்கிறது என்று என் காதிலும் மாட்டிக் காட்டினார்கள். தகரக் கொட்டகைக்குள் நம்மை நிறுத்தி வெளியே நாலு பேர் உலக்கையால் அடித்த மாதிரி இருந்தது. “நல்ல மோட்டார்” என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் மோட்டாருக்கு மரியாதையே அதன் சத்தத்தில்தான். புது மோட்டார் வாங்கினால் முதல் வேலையாக என்னிடம் கொண்டுவந்து சைலன்சரைக் கழற்றச் சொல்வார்கள். மெதுவாக ஓடுகிற மோட்டாரை ‘பொட்டைக்கோழி’ என்பார்கள். கழற்றிப் போட்ட சைலன்சர்களை வைத்து நான் கோழிக்கூண்டுக்கு வேலியே கட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் வெள்ளத்தோடு மீனைத் துரத்திக்கொண்டு ஒரு கூட்டம் பெசுத்து ஏரிக்குள் வந்தது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் மற்றவை வெளியேறிவிட்டன. ஒரு தாயும் குட்டியும் மட்டும் தங்கிவிட்டன. ஏரியிலிருந்து பெரிய ஆற்றுக்குப் போக ஒரே வழி எங்கள் ஊர் வாய்க்கால். இரண்டு பக்கமும் மிதவை வீடுகள், வீட்டுக்கு வீடு மோட்டார் தோணி, போதாததற்கு மிதவைமேல் ஜெனரேட்டர். தினமும் காலையில் தாய் குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வளைவு வரைக்கும் வரும். ஒரு மோட்டார் முடுக்கும். திரும்பிப் போய்விடும்.

ஏரித் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அது சேறானால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கோடையில் அப்படி ஒன்று சேற்றில் சிக்கியது. ஜும்ராவும் பெண்களும் சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்தி, தகரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அது மூச்சை விட்டுவிட்டது. மறுநாள் அவள் தோணி போனது, குரல் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் அன்றைக்குக் கீரை வாங்கவே இல்லை. அவள் போனதே தெரியாது.

“மறுபடியும் ஒண்ணை என் கையால சேத்துல புதைக்க மாட்டேன்,” என்று அவள் இந்த வருஷம் சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எதனால் அது திரும்பிப் போகிறது என்பதில்தான் ஆளுக்கொரு ஞானம். தண்ணீர் குறைவு என்றார் ஒருவர். குட்டி சின்னது, அதான் என்றார் இன்னொருவர். நான், “மோட்டார் சத்தத்தைப் பிறந்ததுலேருந்து கேட்டுக்கிட்டிருக்கு, அதுக்குப் புதுசா என்ன பயம்?” என்றேன்.

“நீயும்தான் பொறந்ததுலேருந்து என் குரலைக் கேக்கிறே. பயம் போச்சா?”



முடிச்சை அவிழ்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டோம். ஊரில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. ஜும்ரா வளைவில் தோணியைக் கட்டிவிட்டுப் பலகாரம் எண்ணிக்கொண்டிருந்தாள். தாயும் குட்டியும் வந்தன. வளைவைத் தாண்டின. என் பட்டறையைத் தாண்டின. குட்டி மெதுவாகத்தான் வந்தது; தாய் நின்று நின்று கூட்டிவந்தது. பள்ளிவாசல் படித்துறை வரைக்கும் வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்துத் தொழுகை முடிந்தது. மனம் குளிர்ந்து வெளியே வந்தோம், அவரவர் தோணியில் ஏறினோம், மொத்தமாக முடுக்கினோம்.

தாய் தண்ணீருக்கு மேலே எழும்பித் திரும்பியதை நானே பார்த்தேன். குட்டி தாயை விட்டுவிட்டு ஒரு மிதவைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் அம்மாவுக்குப் பிள்ளை இருக்கிற இடம் தெரியவில்லை, பிள்ளைக்கு அம்மா இருக்கிற இடம் தெரியவில்லை. பின்னாலேயே துடுப்புப் போட்டு வந்த ஜும்ரா படித்துறையில் நின்று எங்களை என்ன திட்டினாள் என்பதைப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நடந்த விஷயம் என்பதால் நான் எழுத முடியாது. நாங்கள் அணைத்த பிறகு ஒருவழியாக இரண்டும் சேர்ந்து ஏரிக்கே ஓடின.

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போன் போட்டாள். அவர்கள் சொன்னார்கள்: “வலை போட்டுப் பிடிச்சுத் தூக்கினா குட்டி பயத்துலயே செத்துரும், அச்சில். அரை நாள் வாய்க்காலை அமைதியா வெச்சுக்குடுங்க. தானாவே போயிரும்.”

அரை நாள்! வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், யாரும் மோட்டாரை நிறுத்தத் தயாராக இல்லை. மீனை விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுபோகாவிட்டால் நாறிப் போகும். என்னிடமும் வந்தாள்.

“என் பட்டறையை மூடினா என் அடுப்பை நீ பத்த வைப்பியா?” என்றேன்.

“உன்னையே வெச்சுப் பத்த வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகாத நாள் ஒன்றே ஒன்றுதான் வரவிருந்தது. அது அவள் மகள் மஸ்னாவின் கல்யாணம். அன்றைக்கு ஊர் முழுக்க அவள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு ஓடப்போகிற மோட்டார் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்து மோட்டார். ஓடப்போகிற ஜெனரேட்டர் என்றால் பாட்டுக் கச்சேரிக்கு அவளே வாடகைக்கு எடுத்தது. அவள் வாயால் நிறுத்தச் சொன்னால் நிற்கும்.

ஆனால் எங்கள் ஆற்றில் சத்தமில்லாத கல்யாணத்துக்கு ஒரே அர்த்தம்தான். பெண் வயிற்றில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அவசரமாக முடித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளைத் தோணிகள் எத்தனை, எவ்வளவு தூரத்திலேயே காது கிழிந்தது, எவ்வளவு பட்டாசு என்பதை வைத்துத்தான் பெண்ணுக்கு மானம். மாப்பிள்ளையின் அம்மா ஹாஜா பஹ்ரியா அதற்காகவே தன் பன்னிரண்டு தோணிகளையும் என்னிடம் அனுப்பிச் சைலன்சரைக் கழற்றச் சொல்லியிருந்தார். நானும் கழற்றிவிட்டேன்.

பஹ்ரியா பெரிய இடம். மக்காவுக்குப் போய் வந்தவர், அதனால்தான் ஹாஜா. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் பேசினால் சலித்த மாவு விழுகிற மாதிரி இருக்கும். தோணிகளைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது ஜும்ராவும் கிளம்பினாள். மோட்டாரில் உட்கார மாட்டேன் என்றாள். ஆகவே மோட்டார்களை என் தம்பிகளிடம் விட்டுவிட்டு, மெக்கானிக்காகிய நான் அவளோடு ஆறு முழுக்கத் துடுப்புப் போட்டேன். வழியில் போனவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் பஹ்ரியா வெற்றிலைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“மோட்டார் இல்லாம வரணுமா? என் புள்ள என்ன கோழி திருடவா வரான், சத்தம் காட்டாம வந்து தூக்கிட்டுப் போறதுக்கு?”

“வாய்க்கால் முனை வரைக்கும் மோட்டார்லயே வாங்க, ஹாஜா. எவ்வளவு வேணா முழக்குங்க. உள்ள மட்டும் துடுப்புப் போட்டு வாங்க.”

“பட்டாசு?”

“வேண்டாம்.”

“பாட்டு?”

“வேண்டாம்.”

“ஊர் விரல் விட்டு எண்ணும், எத்தனை மாசம்னு. எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஆம்பளப் புள்ளயைப் பெத்தவ. நாறப்போறது உன் பொண்ணு பேருதான்.”

“மஸ்னாவைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். ‘எண்ணட்டும்மா, பத்து மாசம் எண்ணியும் ஒண்ணும் வரலேன்னா அவங்க விரல்தான் வலிக்கும்’னு சொல்லிட்டா.”

பஹ்ரியாவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஜும்ரா விடவில்லை. அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

“அது தினமும் புள்ளயைக் கூட்டிக்கிட்டு வருது, ஹாஜா. வந்து, நம்ம சத்தத்துல கண்ணு தெரியாம திரும்பிப் போகுது. இன்னும் ஒரு வாரம் போனா போறதுக்குத் தண்ணி இருக்காது. போன வருஷம் ஒண்ணு என் மடியில தலையை வெச்சுத்தான் செத்துது. என்னால இன்னொண்ணு முடியாது.”

பஹ்ரியா வெற்றிலைத் தட்டை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: “சரி. எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. ஆத்தையே வாயை மூடச் சொல்றியே, நீ மூடுவியா? அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து அந்தப் பெசுத்து பெரிய ஆத்துக்குப் போற வரைக்கும் உன் வாய்லேருந்து ஒரு சொல்லு வரக்கூடாது. உன் வாய் திறந்தா என் பன்னெண்டு மோட்டாரும் திறக்கும்.”

நான் சிரித்த சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

“வாயை மூடு, கஸ்புல், ஈ உள்ள போயிரும்,” என்று சொல்லிவிட்டு ஜும்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சம்மதம், ஹாஜா.”

மிச்சமிருந்த நாட்களில் அவள் பேசிய பேச்சு இருக்கிறதே! மூடப்போகிற வாய்க்கு முன்கூட்டியே தீனி போட்டாள். வாய்க்காலில் ஒவ்வொரு வீட்டிலும் போய், “அன்னிக்கு எவனாவது மோட்டாரைத் தொட்டான், பந்தியில அவன் இலையில மீன் விழாது, என் செருப்புதான் விழும்” என்று அழைப்பு வைத்தாள். விருந்துச் சாப்பாட்டின் மகிமையோ செருப்பின் மகிமையோ, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வாய்க்கால் முனையில் காவலுக்குத் துல்லாவைப் போட்டாள். வெளியூர்த் தோணி எது வந்தாலும் கையைக் காட்டி நிறுத்த வேண்டும். பொறுமைசாலி, தண்ணீரைப் பார்த்து உட்காரச் சொன்னால் நாள் முழுக்க உட்காருவார். நாங்கள் எல்லாரும் நல்ல ஏற்பாடு என்றுதான் சொன்னோம். காது கேளாதவரைக் காவலுக்கு வைக்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அத்தனை வருஷமாக அவரோடு பழகிப் பழகி எங்களுக்கு அது மறந்தே போய்விட்டது.

கல்யாணத்தன்று விடிந்தது. ஜும்ரா மஞ்சள் பட்டு உடுத்தி, கையில் அகப்பையோடு நின்றாள். அன்றைக்கு அந்த அகப்பைதான் அவள் வாய். அகப்பை மேலே போனால் அடுப்பை ஏற்று. பக்கவாட்டில் போனால் தள்ளி நில். நெஞ்சுக்கு நேரே நீட்டினால் உன்னைத் தொலைத்துவிடுவேன். சமையல்காரர் தேங்காய்ச் சோற்றை அடிபிடிக்க விட்டார், பல்லைக் கடித்தாள். மணவறைத் துணியை யாரோ தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டாள். நான் போய் எதிரே நின்று, “என்ன அச்சில், உடம்பு சரியில்லையா? குரலே காணோம்?” என்று விசாரித்தேன். அகப்பை என் முழங்காலில் பேசியது.

பஹ்ரியா பெண்களோடு முன்தோணியில் துடுப்புப் போட்டு வந்து இறங்கி, மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கண் ஜும்ராவின் வாய்மேலேயே இருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, கீழ்க்கரையிலிருந்து வந்த ஒரு பெண்மணி சரியாக ஜும்ராவுக்குக் கேட்கிற மாதிரி, “சத்தமே காணோமே… பொண்ணுக்கு எத்தனை மாசமாம்?” என்றாள். ஜும்ராவின் முகம் மிளகாய் நிறமாகியது. ஒரு முழுப் பலகாரத்தை எடுத்துத் தன் வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து அந்தப் பெண்மணியின் வாயில் திணித்தாள். உபசாரம்தானே, யார் குறை சொல்ல முடியும்?

வாய்க்கால் முனையில் பன்னிரண்டு மோட்டாரும் வந்து அணைந்தன. அப்புறம் நடந்ததைத்தான் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் மோட்டாரோடு பிறந்த பிள்ளைகள். துடுப்பை அகப்பை மாதிரி பிடித்தார்கள். ஒரு தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒன்று பள்ளிவாசல் படித்துறையில் போய் மோதி ஸலாம் சொன்னது. கடைசியில் மாப்பிள்ளையே தலைப்பாகை சரிய எழுந்து துடுப்பை வாங்கிப் போட்டான். ஊர் முழுக்கக் கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஒருத்தரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது நான் என் ஊரைக் கேட்டேன். மிதவைக்கு அடியில் டிரம்களைத் தண்ணீர் நக்குகிற ஓசை. எங்கேயோ ஒரு சேவல். துடுப்பிலிருந்து சொட்டுவது. பட்டறை வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு காலை எனக்கு வாய்த்ததில்லை. அதற்குள் வளைவில் ஒரு மூச்சு கேட்டது. ‘ஃபூஸ்’ என்று. பின்னாலேயே சின்னதாக இன்னொன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளைத் தோணிகள் இரண்டு கரையிலும் மிதவைகளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றன. தாய் எப்போதும் திரும்புகிற இடத்தில் வந்து நின்றது. குட்டி அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.  தாய் முன்னால் வந்தது. என் பட்டறை. ஜும்ராவின் மிதவை. பள்ளிவாசல் படித்துறை. அதையும் தாண்டிவிட்டது.

அப்போது முனைக்கு வெளியே ஒரு மோட்டார் கேட்டது. பனிக்கட்டி கொண்டுவருகிற வெளியூர்த் தோணி, வாரத்தில் ஒருநாள் வருவது. பெரிய மோட்டார். நேராக வாய்க்கால் முனைக்குத்தான் திரும்புகிறது. துல்லா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெசுத்து வருகிறதா என்று எங்கள் பக்கமே பார்த்து, பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாய் தலையைத் தூக்கியது. பாதி திரும்பிவிட்டது. குட்டி தாயை விட்டு மறுபக்கம் பிரிந்து, மிதவைகளை நோக்கி ஒதுங்கியது. எல்லாரும் கையை ஆட்டினோம். துல்லா பதிலுக்குக் கையை ஆட்டினார். நான் கத்தினேன். அந்தத் தூரத்துக்கு என் குரல் பூனைக்குட்டி மாதிரி போய் விழுந்தது. போனாலும் அவருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கிற குரல் உலகத்திலேயே ஒன்றுதான்.

எல்லார் தலையும் ஜும்ராவின் பக்கம் திரும்பியது. அவள் பஹ்ரியாவைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாயைத் திறந்தால் பன்னிரண்டு மோட்டார். திறக்காவிட்டால் இந்த ஒன்று.

ஹாஜா பஹ்ரியா மணவறைப் படியிலிருந்து எழுந்தார். குரல் உயராத அந்த அம்மா, தொண்டை நரம்பு புடைக்க, “கத்து! கத்தித் தொலை, சம்பந்தி!” என்று அலறினார்.

“மஸ்னா அப்பாஆஆஆ! பின்னாலஆஆஆ!”

விடிந்ததிலிருந்து அடைத்து வைத்திருந்தது மொத்தமும் அதில் வந்தது. எதிர்ப்பக்கத்தில் என் பட்டறைக் கம்பியில் தொங்கிய ஸ்பேனர்கள் ஆடின. நம்பினால் நம்புங்கள். முனையில் துல்லா சூடு பட்டவர் மாதிரி துள்ளித் திரும்பினார். பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. காலால் கரையை உதைத்து, தன் சின்னத் தோணியை வாய்க்கால் வாயில் குறுக்கே போட்டு, எழுந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

பனிக்கட்டிக்காரன் மோட்டாரை அணைத்தான். தோணி வழுக்கி வந்து துல்லாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“செத்தே போயிருப்பியே, கிழட்டு மூதேவி! காது கேக்கலையா?” என்று அவன் கத்தினான்.

துல்லா அவனைப் பார்த்துச் சிரித்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

மறுபடியும் அமைதி. தண்ணீரில் ஒன்றையும் காணோம். தாய் திரும்பி ஏரிக்கே போய்விட்டதா, குட்டி மிதவைக்கு அடியில் மாட்டிக்கொண்டதா, ஒன்றும் தெரியவில்லை. ஜும்ரா மிதவையின் விளிம்பில் மண்டியிட்டுக் காப்பி நிறத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்ரியா பட்டுச் சேலை நனைவதைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டார்.

பிறகு, மாப்பிள்ளை நின்ற தோணிக்கு அந்தப் பக்கம், ஃபூஸ். சின்னதாக இன்னொரு ஃபூஸ். மாப்பிள்ளை துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டான். துல்லாவின் தோணிக்கு அடியில் அவை போனபோது அந்தத் தோணி தொட்டில் மாதிரி மெல்ல ஆடியதை எல்லாரும் பார்த்தோம். அப்புறம் பெரிய ஆற்றின் வெளிச்சத்தில், தூரத்தில், இரண்டு முதுகுகள். பெரிதாக ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று. வெளியே காத்திருந்ததோ என்னவோ, கொஞ்சம் தள்ளி மூன்றாவதாகவும் ஒன்று எழும்பியது.

முதலில் யார் கத்தியது என்று தெரியாது. வாய்க்காலின் இரண்டு கரையும் வெடித்தது. தோணிப்பலகையைத் தட்டினார்கள், பானையைத் தட்டினார்கள், பையன்கள் தண்ணீரில் குதித்தார்கள், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பறைக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். பன்னிரண்டு மோட்டாரைத் தொட ஒருவனும் போகவில்லை.

பந்தி உட்கார்ந்தபோது கீழ்க்கரைப் பெண்மணி பலகாரத்தை விழுங்கி முடித்திருந்தாள். பழக்க தோஷத்தில், “இருந்தாலும் சத்தமில்லாத கல்யாணம்னா…” என்று தொடங்கினாள். பஹ்ரியா எழுந்து நின்றார். சலித்த மாவெல்லாம் இல்லை. அவர் குரல் இப்போது கடைசி இலை வரைக்கும் போயிற்று.

“என் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு யாரு வந்தாங்க தெரியுமா? ஆத்துலேருந்து பெசுத்து வந்துச்சு, குட்டியோட! உன் மகன் கல்யாணத்துக்கு யாருடி வந்தா? கொசுவா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. கீழ்க்கரைப் பெண்மணி இலைக்குள் குனிந்தவள் நிமிரவில்லை. மணவறையில் மஸ்னா, மணப்பெண் சிரிக்கக் கூடாது என்பதை மறந்து, மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

ஜும்ரா மட்டும் இன்னும் மிதவையின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தாள், ஈரப் பட்டோடு, முனையைப் பார்த்துக்கொண்டு. பஹ்ரியா போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“முடிஞ்சுது சம்பந்தி, நிபந்தனை முடிஞ்சுது. இப்பப் பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு.”

ஊரே திரும்பிப் பார்த்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“போயிட்டா,” என்றாள். “புள்ளயையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.”

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். மிச்சத்தையெல்லாம் அவளுக்காக நாங்கள் கத்தினோம்.